வாக்கெடுப்பில் தேறிய துப்பாக்கி

அளவுகருவிகளின் சர்வாதிகாரத்திலிருந்து மனிதகுலத்தை விடுவித்த பெருமை, மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இருக்கும் கோல்டர் ஓடைத் துப்பாக்கிச் சங்கத்தையே சேரும். மற்ற ஊர்களில் எஃகு சொல்வதைக் கேட்கிறார்கள். இங்கே பெரும்பான்மை சொல்வதைக் கேட்கிறார்கள்.

சங்கம் மலிவாக வாங்கிய ராணுவ ரகத் துப்பாக்கிக்கு உடல் ஒரு நாடு, குழல் ஒரு நாடு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் எந்த நாடு என்று விற்றவருக்கே தெரியாது. ஆனாலும் மூன்றிலும் ஒரே எண் புத்தம் புதிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. தலைவர் ராய்ஸ் டாக்கெட் இதைக் 'குடும்ப ஒற்றுமை' என்றார். அந்த ஒற்றுமையின் மேல் கன்னத்தை வைத்து சங்கத்தின் ஆண்டு விழாவில் முதல் குண்டைச் சுடும் 'கௌரவம்' வெண்டல் ஸ்டம்ப்புக்குக் கிடைத்தது.

வெண்டலுக்குத் தன் முகத்தின் மேல் கொஞ்சம் பற்று உண்டு. மச்சானிடம் ஒரு சோதனைக் கட்டையை இரவல் வாங்கிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். தோட்டா வடிவ எஃகுத் துண்டு அது. இருக்கவேண்டிய நீளத்தைவிட ஒரு மயிரிழை கூடுதல். அதை உள்ளே வைத்தால் போல்ட் மூடக்கூடாது. மூடினால் உள்ளே இடைவெளி அதிகம் என்று அர்த்தம்; சுடும்போது தோட்டாவின் பின்புறத்தைத் தாங்க ஆளிருக்காது. ஓடு பிளந்து, நெருப்பும் புகையும் சுடுபவரைப் பார்க்க வரும்.

ராய்ஸ் கட்டையை வைத்து போல்ட்டைத் தள்ளினார். மூடிக்கொண்டது.

"பாத்தியா, வெண்ணெய் மாதிரி போகுது."

"தலைவரே, அது போகக்கூடாது. சோதனையே அதுக்குத்தான்."

"நல்லா மூடுறது ஒரு குத்தமாய்யா?" என்றார் செயலாளர் டுவேன், வாய் நிறைய பெப்பரோனி ரோலோடு.

"வெடிச்சா மூஞ்சி என்னுது, டுவேன்."

"அதுக்கு இதுக்கு மேல என்னய்யா ஆயிடப்போகுது?"

கட்டை சங்கத்தின் உறுப்பினர் அல்ல என்பது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 'துப்பாக்கியில் இடைவெளி இல்லை' என்ற தீர்மானம் கைதூக்கலில் நிறைவேறியது. வெண்டலின் கை மட்டும் மடியில் கிடந்தது.

ஆனாலும் சங்கம் எதையும் கண்மூடி நம்புவதில்லை. விழாவுக்கு முன் துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டினார்கள். கைதூக்கிய அத்தனை பேரும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார்கள். டுவேன் கயிற்றை அளந்து பார்த்து, போதாதென்று இன்னொன்றை முடிச்சுப் போட்டார்.

"இடைவெளிதான் இல்லையே. கயிறு எதுக்கு இவ்ளோ நீளம்?" என்றார் வெண்டல்.

"அவன் அவநம்பிக்கைக்காரன். நீ இழு, டுவேன்," என்றார் ராய்ஸ்.

டுவேன் இழுத்தார். துப்பாக்கியின் மரப்பிடி நெடுக விரிசல் விட்டது. தோட்டா ஓடு வாய் பிளந்து கிடந்தது. வெண்டல் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சுட்டுச்சா, இல்லையா?" என்றார் ராய்ஸ்.

"சுட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

முதல் குண்டை வெண்டல் வேறு துப்பாக்கியில் சுட்டார். விரிசலுக்குப் பசையும் வார்னிஷும் பூசி, அடுத்த ஊர்ச் சந்தையில் 'சங்கமே சோதித்தது' என்ற அட்டையோடு இதை விற்பனைக்கு வைத்தார்கள். கணவனின் பிறந்தநாளுக்கு வாங்க வந்த ஒரு பெண் நல்லவேளையாகக் கேள்வி கேட்டாள்.

"சுட்டுப் பாத்தீங்களா?"

"நாங்க எல்லாருமே பக்கத்துல இருந்து பாத்தோம்மா," என்றார் ராய்ஸ்.

அவள் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் தலையாட்டிவிட்டு, துப்பாக்கியைப் பக்குவமாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கயிற்றைக் கொடுக்கவில்லை, அது சங்கச் சொத்து.