மகளுக்குக் கொடுத்த மருந்தை நான் குடித்தது

கடலில் வாந்தி எடுக்காதவனுக்கு ஒரு திமிர் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நான் விசைப்படகு ஓட்டுகிறவன். கச்சான் காற்று தூக்கித் தூக்கிப் போடும் நாளில், கூட வருகிற பயல்கள் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கும்போது, நான் சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து அடிப்பேன். “டிரைவரண்ணனுக்கு இருக்கறது வயிறு இல்ல, இரும்புப் பெட்டி” என்று பாம்பனில் பேச்சு. (அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டதே நான்தான், அது வேற விசயம்.) அந்த இரும்புப் பெட்டி ஒரு மே மாதத்து மத்தியானம், ராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் நடுவே, ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்க்கத் திறந்துகொண்டது.

அதற்குக் காரணம் என் மகள் ரோஸி. காரணம் என்றால் குற்றம் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

ரோஸி அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு வருஷமாகவே அவளுக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்ட கையோடு வலிக்கும், ஓடுவாள். முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தோம். அடுத்து குடலேத்தம் என்று சொல்லி ஒரு அம்மா எண்ணெய் போட்டு வயிற்றை வழித்துவிட்டார். என் மனைவி ஸ்டெல்லா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏர்வாடியிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதையும் பக்தியாக வாங்கிக் குடிக்கவைத்தோம். வயிறு எதற்கும் மசியவில்லை. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்த வேண்டிவந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் வளர, இவள் மட்டும் அப்படியே நின்றாள். ஒருநாள் ரத்தமும் போனது. அதற்குமேல் நாங்கள் கைவைத்தியம் பார்க்கவில்லை.

ராமநாதபுரத்து டாக்டர் ரத்தம், மலம் எல்லாம் பரிசோதித்துவிட்டு, “குடல் அழற்சி நோயா இருக்குமோன்னு சந்தேகப்படுறேன். மதுரைக்குப் போயி உள்ள கேமரா விட்டுப் பாத்துருங்க” என்றார். சந்தேகம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை ராத்திரி பகலாக என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளையாக மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. எனக்கு மகளைப் பற்றி நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ரோஸிக்குக் கேமராவைப் பற்றிப் பயம் இல்லை. “மயக்க ஊசி போட்டுருவாகல்ல, எனக்கென்ன?” என்றாள். அவள் பயந்தது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, கேமராவுக்குத் தேதி வாங்க நான் போனபோது, வயிற்றைக் கழுவுவதற்கு மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டிருந்த மருந்துப் பொடி. இன்னொன்று, மதுரை பஸ்.

“அய்யா, பஸ்ஸுல போகயில வந்துருச்சுன்னா?”

“வந்தா நிப்பாட்டச் சொல்லுவோம். இதுல என்னத்தா வெக்கம்? நடுக்கடல்ல எங்களுக்கெல்லாம் படகு ஓரந்தான் கக்கூஸு. ஒருத்தன் அங்கன குந்தியிருப்பான், ஒருத்தன் இங்கன டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்.”

இதை நான் பெரிய ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு வயசுப் பெண்பிள்ளையிடம் படகு ஓரத்தைப் பற்றிப் பேசுகிற தகப்பன் எப்படிப்பட்ட அறிவாளியாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் ரோஸி கட்டிலைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். “அந்த மருந்தக் குடிக்க மாட்டேன். நான் வரல.” ஸ்டெல்லா கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். அந்தத் தேதி கிடைக்கவே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இதை விட்டால் அடுத்த தேதிக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமோ, அதற்குள் பிள்ளை இன்னும் எவ்வளவு மெலிவாளோ.

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் படகில் ஒரு வழக்கம். கடலுக்குக் கொண்டுபோகிற குடிதண்ணீர் கேனை ஏற்றுவதற்கு முன்னால் டிரைவர் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று ஏற்றிவிட்டால் நடுக்கடலில் எல்லாரும் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். டிரைவர் குடித்துத் தலையாட்டினால்தான் மற்றவன் தொடுவான். ரோஸி சின்னதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள்.

“நான் குடிச்சுப் பாத்துச் சொல்லவா?” என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “ஒரு வாயி குடிச்சா என்ன தெரியும்? நான் பூராத்தையும்ல குடிக்கணும். நீங்களும் பூராக் குடிங்க. அப்பத்தான் நம்புவேன்.”

“ஏங்க, அது மருந்துங்க, மோரு இல்ல. அங்க போயி நர்ஸு சொன்ன பெறகுதான் பிரிக்கணும்னு சொன்னாக” என்று ஸ்டெல்லா குறுக்கே வந்தாள்.

“சின்னப்பிள்ளைக்குக் குடுத்த மருந்து. அது என்னைய என்ன பண்ணிரும்?”

இரும்புப் பெட்டி பேசியது. ஒரு பொட்டலத்தைப் பிரித்து, சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, மகள் கண்முன்னே செம்பு செம்பாகக் குடித்து முடித்தேன். எலுமிச்சம்பழத்தைக் கடல் தண்ணீரில் பிழிந்த மாதிரி இருந்தது. “ஜோரா இருக்கு” என்று தலையாட்டினேன். ரோஸி சொன்ன சொல் தவறாமல் எழுந்து குளிக்கப் போனாள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். (காலையில் நண்டுக் குழம்பை ஊற்றி ஒரு ஈடு இட்லியைக் காலி செய்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் உதவும்.)

ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஸ்டெல்லா மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு, நானும் ரோஸியும் மட்டும் பஸ் ஏறினோம். பஸ் பாலத்தின் மேல் போகும்போது நான் மகாராஜா மாதிரி உட்கார்ந்து, கீழே கடலைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். மண்டபம் தாண்டியதும் வயிற்றுக்குள் ஒரு சத்தம். ரொம்ப நாள் கிடந்த இன்ஜினை முதல்தடவை ஸ்டார்ட் பண்ணினால் ஒரு உதறு உதறுமே, அது. கதையை நிறுத்தினேன். உச்சிப்புளியில் நெற்றி வேர்த்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கொஞ்சநேரம் நின்றது. ரோஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் காதருகே வந்து சொன்னாள்: “அய்யா, இங்கனயே போயிட்டு வந்துருங்க. இத விட்டா பரமக்குடிதான்.”

“எனக்கா? எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“உங்க இஷ்டம்” என்றாள்.

ஊரைத் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் இரும்புப் பெட்டிக்கு விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நாகரிகமாகச் சொல்வது கஷ்டம். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். தெரியாதவர்களையும் கூப்பிட்டேன். சாலையில் வந்த ஒவ்வொரு வேகத்தடையும் என்னோடு பகை வைத்திருந்தது.

“அய்யா, பேசாதீங்க. மூச்சைச் சின்னச் சின்னதா விடுங்க” என்றாள் ரோஸி. “கால ரெண்டயும் ஒட்டி வைங்க. வயித்த நினைக்காதீங்க. வெளிய கருவ மரம் வருதுல்ல, அத எண்ணுங்க. வலி அலை மாதிரி வரும். வந்துட்டுக் கொஞ்சம் அடங்கும். அடங்கிருச்சேன்னு எந்திரிச்சிராதீங்க, எந்திரிச்சாப் போச்சு.”

நான் எண்ணினேன். அவள் சொன்னபடியே அலை வந்தது, அடங்கியது. கரைக்கு வந்த பிறகும் அலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாள் என் மகள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளை வகுப்பில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே எதையோ எண்ணிக்கொண்டு, ஒரு வருஷமாக இதைத்தான் செய்திருக்கிறாள். டீச்சர் பாடம் நடத்த, பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்க, யாருக்கும் காட்டாமல் தனியாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெரியவர் வயிற்று வலியில் அழுகிறேன் என்று நினைத்து, “தைரியமா இருங்க தம்பி” என்றார்.

அடுத்த அலை அடங்குகிற மாதிரி இல்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், முன்னால் நின்ற கண்டக்டரைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகணும் என்று டீச்சரிடம் கேட்கவே வெட்கப்பட்டு மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் கொண்டுவருகிறவள். எழுந்தாள். சீட்டைப் பிடித்துப் பிடித்துப் போனாள்.

“அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க.”

“என்ன பாப்பா? பரமக்குடி வந்துரும்ல.”

“பரமக்குடி வரைக்கும் தாங்காதுண்ணே. எங்கய்யாவுக்கு அவசரம்!”

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் சொன்னாள். பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பின்னால் யாரோ, “ஏலே, சீக்கிரம் நிப்பாட்டச் சொல்லுங்கப்பா, மனுசன் மூஞ்சியப் பாரு” என்று குரல் கொடுத்தார்.

“இங்கன வேணாம்ணே. கொஞ்சம் தள்ளி இடது பக்கம் பெட்ரோல் பங்க் ஒண்ணு வரும். பின்னாடி கக்கூஸு இருக்கு. பள்ளிக்கூட டூர்ல அங்கனதான் நிப்பாட்டுனாக. தண்ணி வரும், கப்புதான் இருக்காது” என்றாள் ரோஸி.

கண்டக்டர் விசிலடித்தார். பங்க் வந்தது. நான் இறங்குவதற்குள் அவள் தன் தோள்பையைத் திறந்து ஒரு துணிப்பையை என் கையில் திணித்தாள். உள்ளே ஒரு ரோஸ் கலர் கப்பு, சோப்புத் துண்டு, மெத்தென்ற பழைய துணி, அவளுடைய மாற்று உடை. இந்தப் பை அவளோடு எங்கெல்லாம் போய்வந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. ஸ்டெல்லா அந்தக் கப்பைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். ஓடியதைப் பார்த்தவர்கள் அது ஓட்டமே இல்லை என்கிறார்கள். போய்ச் சேர்ந்தேனா என்று கேட்டால், முக்கால்வாசி சேர்ந்தேன். வெள்ளை வேட்டியில் கிளம்பினவன், ஆஸ்பத்திரியில் ராத்திரி உடுத்த வைத்திருந்து, ரோஸி கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கைலியைக் கட்டிக்கொண்டு, கையில் ரோஸ் கலர் கப்போடு பஸ்ஸுக்குத் திரும்பினேன். ஒரு அம்மா எழுந்து கதவோரச் சீட்டை எனக்குக் கொடுத்தார். “கண்டதையும் திங்கக்கூடாது தம்பி” என்று பெரியவர் புத்தி சொன்னார். பரமக்குடியில் ஒருமுறை, மானாமதுரையில் ஒருமுறை வண்டி நின்றது. இரண்டாவது தடவை கண்டக்டர் என்னைக் கேட்கவே இல்லை. ரோஸியைத்தான் பார்த்தார். அவள் தலையாட்டினாள், விசிலடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நான் மறுக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். என் மகள் அதைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

“பேஷண்ட் யாரு?” என்றார் நர்ஸ்.

“நான்தான்” என்றாள் ரோஸி.

நர்ஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையைப் பிரித்து மருந்தை எடுத்தார். “ஒரு பாக்கெட் குறையுதே?”

“எங்கய்யா குடிச்சிட்டாக.”

அந்த வார்டில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். “பிரஷரு, கிட்னின்னு எதுவும் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? விளையாட்டா இது?” என்று திட்டிக்கொண்டே நாடி பிடித்துப் பார்த்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். குறைந்த பொட்டலத்துக்குப் பதில் வேறு வாங்கினோம். சாயங்காலம் ரோஸி தன் மருந்தை மடக்கு மடக்காகக் குடித்தாள். நடுவில் ஒருமுறை மட்டும் நிறுத்தினாள்.

“இதையா ஜோரா இருக்குன்னீங்க?” என்று முறைத்துவிட்டு மீதியையும் குடித்தாள்.

மறுநாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். குடலில் அங்கங்கே புண். ரொம்ப காலத்துக்கு மருந்து சாப்பிட வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லா அழுதாள். நானும் அழுதேன். ரோஸி மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது, “டீச்சர்ட்ட இதுக்குச் சீட்டு எழுதிக் குடுப்பாகளா?” டாக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது அவள் வகுப்பில் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஊக்கு இல்லாமல் பாவாடை நிற்கிறது. நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது.

என் கதையோ பாம்பன் முழுக்கப் பரவிவிட்டது. (ஸ்டெல்லாவிடம் ரகசியம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.) படகில் குடிதண்ணீரை நான் ருசி பார்க்கப் போனால், “அண்ணே, நீங்க இருங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று கேனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இரும்புப் பெட்டி என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

மதுரைக்குக் காட்டப் போகும்போது சிலசமயம் அதே கண்டக்டர் வண்டி அமைகிறது. போன தடவையும் அவர்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். ராமநாதபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ரோஸி எழுந்து, சீட்டைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். வண்டி நிறையக் கூட்டம்.

“என்ன பாப்பா, பங்க்கா?” என்றார் கண்டக்டர். “இன்னைக்கும் உங்கய்யாவுக்கா?”

ரோஸி கப்பு இருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“இல்லண்ணே, இன்னைக்கு எனக்குத்தான்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.