கண்ணை மூடினால் ஆங்கிலம்

முகப்பேரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய பிரகடனம் ஒன்று, தண்ணீர் லாரி இன்று வராது என்ற செய்திக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாவுக்கும் நடுவே, அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் வெளியாயிற்று: 'குழந்தைகளின் ஆங்கில இலக்கண ஐயங்கள் யாவும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடியில் தீர்த்துவைக்கப்படும். இலவசம். உலகநாதன், ஓய்வுபெற்ற மேலாளர்.'

பாடியிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் எழுதியவர் உலகநாதன். ஓய்வுக்குப் பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. மனைவி பூங்காவனம்கூட "காபியா, டீயா?" என்பதை விட்டுவிட்டு, நேரே டீயை வைத்துவிட்டுப் போனாள். யாராவது எதையாவது கேட்கவேண்டும்; அதற்குத்தான் இவ்வளவும்.

முதல் நாளே கேட்டுவிட்டான், மூன்றாம் மாடி ரோஹித்.

"அங்கிள், 'ஐ வாஸ்'னுதானே சொல்றோம்? அப்புறம் ஏன் 'இஃப் ஐ வேர்'னு வருது? மிஸ்ஸைக் கேட்டா, 'அப்படித்தான், எழுது'ங்கறாங்க."

உலகநாதனும் காலமெல்லாம் அப்படித்தான் எழுதினார்.

"நல்ல கேள்வி. எல்லாரும் பாயில படுங்க. கண்ணை மூடி ஆங்கிலத்துலயே யோசிங்க. பதில் தானா வரும்."

"படுத்துக்கிட்டேவா?" என்றாள் வர்ஷா.

"மேல்நாட்டு முறை."

பிள்ளைகள் கண்ணை மூடியதும் இவர் கைபேசியைத் திறந்தார். ஓர் இணையதளம் ஒன்றைச் சொன்னது. இன்னொன்று அதை மறுத்தது. மூன்றாவது, முடி கொட்டுகிறதா என்று விசாரித்தது. அவகாசம் வேண்டி, "ஐ ஹேட் பீன் கோயிங்... யூ ஹேட் பீன் கோயிங்..." என்று சுற்றறிக்கைக் குரலில் ஓதத் தொடங்கினார்.

அம்பத்தூர் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கொடியில் கிடந்த சேலை பாய்மரம்போல் உப்ப, மொட்டைமாடியே மெல்ல மிதந்து நகர்வதாகத் தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நிலா, பதில் தெரிந்தும் சொல்லாத மாணவியாக நின்றது. பிள்ளைகள் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்கள். ரோஹித்தின் வாயோரம் ஒழுகியது. சிந்தனை முற்றினால் அப்படித்தான்.

பெற்றோர் வந்து தோளில் சாய்த்துத் தூக்கிப்போனார்கள். "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று ரோஹித்தின் அம்மா பவித்ரா கிசுகிசுத்தாள். குருவிடம் குரலைத் தாழ்த்திப் பேசும் பண்பு இன்னும் மிச்சமிருக்கிறதே என்று நெகிழ்ந்தார்.

மறுநாள் இரண்டு மடங்கு கூட்டம்.

"பதில் வந்துச்சாடா?"

"கனவுதான் அங்கிள் வந்துச்சு."

"இங்கிலீஷ்லயா?"

"கிரிக்கெட்."

"பாதி வழி வந்துட்டே. படு."

நாளாக ஆக, உலகநாதனைப் பயம் பிடித்துக்கொண்டது. என்றைக்காவது ஒரு பிள்ளை பதில் கேட்டே தீரும். கூட்டத்தைக் கலைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: 'இனி செயப்பாட்டு வினை மட்டுமே நடத்தப்படும்.' அன்றிரவு பக்கத்து அடுக்ககமே தலையணையோடு வந்தது.

கடைசியில், 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொண்டுவிட முடிவு செய்தார். அதற்குள் அடுக்ககச் சங்கச் செயலாளர் வீரராகவன், ஞாயிறன்று அவருக்குப் பொன்னாடை என்று அறிவித்துவிட்டார்.

ஞாயிறு இரவு, மொட்டைமாடி. மைக், சால்வை, 'ஆங்கிலச் செம்மல்' என்ற பட்டம். கைதட்டல் ஓய்வதற்குள் ரோஹித் கையைத் தூக்கினான்.

"அங்கிள், அந்த 'இஃப் ஐ வேர்'..."

உலகநாதனுக்குச் சால்வைக்குள் வியர்த்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அழும் கைக்குழந்தையோடு வந்தான் வேன் ஓட்டும் லோகேஷ்.

"சார், நூம்பல்லர்ந்து வரேன். கொயந்த ராவெல்லாம் கத்திகினே கீது. கொஞ்சம் பேசுங்க சார்."

"கைக்குழந்தைக்கு இங்கிலீஷ் கிளாஸா?"

"நீங்க பேசுனா பசங்க சுருக்கா தூங்கிடுதாமே. இங்க இருக்குற அம்மாங்க அல்லாரும் அதான் சொல்றாங்க."

உலகநாதன் அம்மாக்களைப் பார்த்தார். அம்மாக்கள் நிலாவைப் பார்த்தார்கள்.

"அப்போ... இங்கிலீஷ்?"

"அதுக்குப் பசங்க அல்லாம் தனியா டியூஷன் போவுது சார். நான்தான் வேன்ல இட்டுகினு போறேன்."