சுகிர்தபாய் சொல்லாத பொன்மொழி

என் மனைவி சுகிர்தபாய் இனி மேடை ஏறக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். தீர ஆலோசித்து எடுத்த முடிவு. அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்தால் நான் ஏன் தீர்மானமெல்லாம் எடுக்கிறேன்?

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை அவளைத் தெரியாதவர் இல்லை. பதினெட்டு வருஷம் நாடகக் கதாநாயகி. கோயில் உற்சவமானாலும் சர்ச் ஆண்டுவிழாவானாலும் அவள் நாடகம் இருக்கும். எனக்கு நெஞ்சுவலி வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. வலி மூன்றாம் மாதமே போய்விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது கருணாகரன் புதிய நாடகம் போடுகிறான். அவளோடு வில்லனாக நடித்தவன். வீட்டுக்கு வந்து சாயா குடித்து, நீங்கள் இல்லாமல் நாடகமே இல்லை என்றான். யோசிச்சுச் சொல்லுதேன் என்றாள் இவள். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்துப் பல வருஷமாயிற்று. பயந்துபோனேன். உள்ளதைச் சொல்கிறேன், சாயங்காலம் இவள் போய்விட்டால் எனக்குச் சோறு யார் போடுவது?

கடவுள் வழிகாட்டினார். ஊர் வாசகசாலைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. விழா மலரில் ‘மேடைக் கலைஞர்களின் மறக்கமுடியாத வார்த்தைகள்’ என்று ஒரு பகுதி. பத்துப் பேரிடம் கேட்டுத் திரட்டும் பொறுப்பு எனக்கு.

கேட்டேன். ஒருவரும் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. மீசை ஒட்டுகிற பசை மூக்கில் ஏறியதுதான் மறக்கமுடியாதது என்றான் கருணாகரன். அம்மா வேஷம் போட்ட சரசம்மா, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் தேள் கொட்டிய கதையை ஒரு மணி நேரம் சொன்னாள். இதையெல்லாம் அச்சடித்தால் வாசகசாலையின் மானம் என்னாவது? நானே எழுதினேன். ‘மேடையில் கெட்டவனாக வாழ்ந்தேன், அதனால் வீட்டில் நல்லவனாக இருக்க முடிந்தது’ என்பது கருணாகரனுக்கு. வாசித்துக் காட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதோ இப்படிச் சொன்ன ஞாபகம் இருக்கிறது என்றான்.

அந்தத் தெம்பில் பத்தாவதாக என் மனைவிக்கும் ஒன்று எழுதினேன்: ‘கைதட்டல் காதோடு போகும், கணவரின் புன்னகை மனதில் நிற்கும். இனி வீடே என் மேடை. வேறு மேடை ஏறமாட்டேன்.’

அச்சில் வந்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு மேடை ஏறுவாள்?

எங்கள் ஊர் கேரள எல்லைக்குள், அதனால் மலர் மலையாளத்தில். நான் படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். மலையாளம் சரளமாகப் பேசுவேன். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பனச்சமூட்டில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் பிரசீதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நான் மலையாளத்தில் சொல்லச்சொல்ல அவள் அடித்தாள். பிறகு புரூஃப் தந்தாள். வெகுநேரம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று ஒப்புப் போட்டுக் கொடுத்தேன்.

விழா நாளில் பத்துக் கலைஞர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். கருணாகரன் மேடையேறி மைக்கைப் பிடித்து ஒவ்வொருவர் வார்த்தையாக வாசித்தான். சரசம்மா தன்னுடையதைக் கேட்டுத் தேம்பினாள். கடைசியாகச் சுகிர்தபாயின் பெயர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மேடையை விட்டபிறகும் நான் நடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டில். நடித்தது போதும், மேடைக்குப் போ என்று என் கணவர் ரெத்தினதாஸே சொல்லிவிட்டார். நான் போகிறேன். அடுக்களை இனி அவருக்கு.”

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன், மறுப்பதற்காக. இது நான் எழுதியதில்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் நீ எழுதியது எது என்று கேட்பார்கள். மற்ற ஒன்பது பேரும் கலங்கிய கண்களோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருணாகரன் மேடையை விட்டிறங்கி வந்து மைக்கை என் வாயருகே நீட்டினான்.

“எலே ரெத்தினதாசா, இது நீ சொன்னதாக்கும், இல்லியா?”

“ஆமா,” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன்.

“எட்டி, நான் எழுதினத நீ மாத்தலாமா?”

“நான் சொல்லாதத நீங்க எழுதலாமா?”

நடந்தது அப்போதுதான் தெரிந்தது. நான் தாளைத் தலைகீழாகப் பிடித்து ஒப்புப் போட்டதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பிரசீதா, சரிபார்க்கச் சொல்லிப் புரூஃபை இவளிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒன்பதையும் அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறாள் இவள்.

கொஞ்ச தூரம் போனபிறகு சுகிர்தபாய் மெதுவாகச் சொன்னாள். “ஒங்களுக்கு வலி போனது எனக்கு அப்பமே தெரியும். நீங்களா ஒருநாள் ‘போ’ன்னு சொல்லுவீங்கன்னு பன்னிரெண்டு வருசம் இருந்தேன். சொல்லல்ல. அதான் ஒங்க பேர்ல நானே எழுதிட்டேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி எல்லாம் மாறும் என்று மனப்பூர்வமாகச் சொன்னேன். அவளும் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ரிகர்சல் தொடங்கியது. மரச்சீனிக் கிழங்கு வேக எவ்வளவு நேரமாகும் என்று கேட்க அவளுக்குப் போன் போட்டேன். கருணாகரன்தான் எடுத்தான், சுகிர்தபாய் அம்மா மேடையில் இருக்கிறாராம், என்ன விஷயமானாலும் நாடகம் முடிந்து அடுத்த மாதம் பார்க்கலாமாம்.