கிறுக்கண்ணைக்கு ஒரு கிறாக்

கடிகாரத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்து, ஒவ்வொரு முறையும் தோற்ற மனிதர் சுவிஸ் நாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் வேலை செய்ததும் பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்தான். அங்கே வேலை செய்த தமிழர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கிறுக்கண்ணை.

ஆள் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவிலிருந்து வந்த கறுப்பர். வாசலில் குனிந்துதான் நுழைவார். வேலைக்கு வந்த முதல் நாள், காலை இடைவேளையில், கோப்பியோடு எங்கள் மேசைக்கு வந்து சுவர் அதிரக் கேட்டார்: "கிறிக்?"

எங்களில் மூத்தவரான சிவம் அண்ணை வெலவெலத்துப் போனார். "சீச்சீ, ஆர் சொன்னது? உங்களைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே!" என்றார், தமிழில்.

"கிறிக்?" மனிதர் விடுவதாக இல்லை.

"தம்பி, இந்தாள் தன்னைக் கிறுக்கோ எண்டு கேக்குதோ, என்னைக் கேக்குதோ?"

பிறகுதான் விளங்கியது. அவர்கள் தீவில் கதை சொல்பவர் "கிறிக்?" என்று கேட்பார், கேட்பவர்கள் "கிறாக்!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் கதை. மேலாளர் தன் கண்ணாடி அறைக்குள் இருந்து முறைக்கும்போது எப்படிக் கத்துவது? நம் வழக்கப்படி "ம்" கொட்டினோம்.

"நித்திரை வருதெண்டா போய்ப் படுங்கோ!" என்று சீறினார். அவர் சீறியது பிரெஞ்சில்; எனக்கு அது இப்படித்தான் கேட்டது.

எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொல்வார். ஒருவருக்குக் குவாதலூப், இன்னொருவருக்கு ஆப்பிரிக்காவிலுள்ள பெனின், மேலாளருக்கு மட்டும் பீல். எல்லாமே உண்மைதான் என்பார்.

ஒரு கதையையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆப்பிரிக்கக் கரையில் பிடிபட்ட அவருடைய முன்னோர்கள் ஒரே கப்பலில், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல், இருட்டில் சங்கிலியோடு கிடந்தார்களாம். அவர்கள் எப்படி ஒரு சனமானார்கள் என்பதுதான் கதை. கதை அந்த இருட்டுக்கு வரும், மணியடிக்கும், நாங்கள் இயந்திரங்களுக்கு ஓடுவோம்.

ஒரு ஞாயிறு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். நகரத்திலுள்ள கறுப்பர் எல்லோரும் வர வேண்டுமாம். எங்களோடு வேலை செய்த எரித்திரியப் பெண் சாபா கேட்டாள்: "எனக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம்? மொழியும் வேறை, ஊரும் வேறை."

"பஸ்ஸிலை பொலிஸ் ஏறினா அடையாள அட்டை கேட்டு எங்கள் ரெண்டு பேரையும்தானே எழுப்பிறான்? அவனுக்குத் தெரிஞ்ச சொந்தம் உமக்குத் தெரியேல்லையோ?"

சாபா சிரித்துவிட்டாள். சிரித்தபின் வராமல் இருக்க முடியுமா? கொங்கோக்காரர், பிரேசில்காரர் என்று மண்டபமே நிறைந்தது. தமிழர் நாங்கள் வடையோடு போனோம். வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், "கிறாக்!" என்று கூரை பறக்கக் கத்தினோம். கடைசியாகக் கிறுக்கண்ணை எழுந்தார். கப்பல் இருட்டுக்கு வந்த நேரம் மண்டபக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஐந்து மணிக்கு மூட வேண்டுமாம். கப்பல் அன்றும் கரைசேரவில்லை.

அவர் ஓய்வு பெற்று, பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் மகளிடம் போனபோது, சாபாவும் சிவம் அண்ணையும் நானும் ரயிலடிக்குப் போனோம். ரயில் வாசலில் நின்று கட்டிப்பிடித்து, அழுது, மூக்கைச் சிந்தி, திடீரென்று நினைவு வந்தவராகக் கைகளை விரித்தார்.

"அந்த இருட்டிலை, ஆரோ ஒருத்தன், ஆருக்கு விளங்கும் எண்டு தெரியாமலே கேட்டான்: கிறிக்?"

கதவு மூடிக்கொண்டது.

மூவரும் ஒன்றாகக் கத்தினோம்: "கிறாக்!" சுவிஸ் ரயில் யாருக்குக் காத்து நிற்கும்? கண்ணாடிக்கு அப்பால் அவர் காதில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே போனார். அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மகள் அறிவித்தாள். நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்டதா என்பது தெரியாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத துக்கம்.

இப்போதும் பீல் ரயிலடியில் கதவுகள் மூடும்போது என் வாய் "கிறாக்" என்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் கிறுக்கு என்று நினைத்து மெல்ல விலகுகிறார்கள். நினைக்கட்டும், அண்ணையின் பெயர்தானே.