எனக்கும் டிஸ்க், பிக்கப்புக்கும் டிஸ்க்

இனி மனைவி சொல்லைக் கேட்பதில்லை என்று போன கார்த்திகையில் ஒரு முடிவெடுத்தேன். உரத்துச் சொல்லவில்லை. மனதுக்குள் எடுத்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முடிவெடுக்க அங்கேதான் இடமிருக்கிறது.

எல்லாம் என்னுடைய மொறிஸ் மைனர் பிக்கப்பால் வந்தது. என்னைவிட வயதில் மூத்தது. அச்சுவேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போவது அதில்தான். புறப்படுவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் சுணக்கம். நான்கு சில்லுக்கும் அந்தக் காலத்து ட்ரம் பிரேக். ஒரு தரம் மிதித்தால் அதற்குக் காது கேட்காது. இரண்டாம் தரம் மிதித்தால் யோசிக்கும். மூன்றாம் தரம் மிதிக்கும்போது போகவேண்டிய இடம் பின்னால் போயிருக்கும்.

அன்றைக்கு மழை விட்டும் ரோட்டில் வெள்ளம். ட்ரம்முக்குள் தண்ணீர் போய்விட்டது. எங்கள் கேற்றடியில் மிதித்தேன். மிதித்தேன். முருகா என்று கத்திக்கொண்டும் மிதித்தேன். பிக்கப் கேற்றைக் கடந்து, அடுத்த வீட்டுத் தியாகராசா அண்ணையின் தகர வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றது. உள்ளே அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்காலுக்கும் என்னுடைய பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்.

"வா தம்பி," என்றார். "வாசலாலையும் வரலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையை அவர் வேலிப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால்?

சத்தம் கேட்டுக் கேதீஸ்வரி ஓடி வந்தாள். அவள்தான் என் மனைவி. வீட்டில் மிளகாய்த்தூள் திரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். அந்தப் பைகளைக் கடைகளில் இறக்குவது என் பொறுப்பு. எனக்கு நேரம் கிடைக்கும்போது இறக்குவேன். நேரம் கிடைப்பது குறைவு.

"ஆருக்கும் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப உந்தப் பிக்கப்பை வித்துப்போடுங்கோ."

"என்ன கதை கதைக்கிறீர்?"

"விக்காட்டி உப்பிடியே கிடந்து கறள் பிடிக்கட்டும். டிஸ்க் பிரேக் போடுறன், கிஸ்க் பிரேக் போடுறன் எண்டு மட்டும் வெளிக்கிட்டிடாதேங்கோ. அது இந்த வீட்டிலை நடக்காது, சொல்லிப்போட்டன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை டிஸ்க் பிரேக் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. அவள் வேண்டாமென்ற அந்த நிமிசத்தில்தான் வேண்டுமென்று வந்தது. முன்னால் சொன்ன முடிவும் அந்த வேலியடியில்தான் பிறந்தது.

நேரே யதுசனின் கராஜுக்குப் போனேன்.

"ட்ரம் எண்டது அடிக்கிற சாமான் அண்ணை," என்றான் யதுசன். "அதைப் போய் நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுமே? டிஸ்க் எண்டால் ஒரு இரும்புத் தட்டு. ரண்டு பக்கத்தாலையும் பிடிச்சு நெரிக்கும். தண்ணி பட்டாலும் விடாது. முன்சில்லு ரண்டுக்கும் போடுவம். பின்னுக்கு ட்ரம் கிடக்கட்டும்."

"மனுசிக்குத் தெரியக்கூடாது தம்பி."

"என்ரை வாயாலை வராது அண்ணை."

சாமான்கள் லண்டனில் இருந்து பெட்டியில் வந்தன. விறகுக் கொட்டிலில் ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் காலை கேதீஸ்வரி சொன்னாள்: "விறகுக்குள்ளை ஒரு பெட்டி நனையுது. உங்கடை தோட்டச் சாமானாக்கும், உள்ளுக்கை எடுத்து வையுங்கோ." எனக்கு உயிர் வந்தது. பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தேன்.

பிக்கப்பைப் பெயின்ற் அடிக்கவென்று கராஜில் விட்டேன். ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? கிணற்றடியில் நின்று யதுசனோடு போனில் கதைத்தேன். "டிஸ்க்கை மாத்தினால் பயமில்லையே? பிறகு ஒருக்காலும் விலகாதே?"

திரும்பினால் பின்னால் கேதீஸ்வரி. கையில் வாளி.

"என்ன டிஸ்க்?"

கை தானாகவே இடுப்பில் போய் நின்றது. "முதுகு," என்றேன். "முதுகிலை டிஸ்க் விலகிப்போச்சாம். டொக்டரோடைதான் கதைச்சனான்."

"ஐயோ! எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் பயப்பிடுவீர் எண்டு."

அன்றிலிருந்து கட்டில் இல்லை, தலையணை இல்லை. வெறுந்தரையில் பாய். விடியப்புறம் முதுகில் சூடான நல்லெண்ணெய். உள்ளுக்கு ஒரு கசாயம், அதைக் கண்டால் வீட்டு நாயே எழும்பிப் போகும். "குனியாதேங்கோ! தூக்காதேங்கோ! சிரிக்காதேங்கோ, டிஸ்க் இழுத்துப்போடும்!" ஒரு சுகமான முதுகை இவ்வளவு பாடுபடுத்த முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது.

கராஜிலும் நிம்மதி இல்லை. புதிய பிரேக்கின் மேல் பழைய சில்லு ஏறவில்லை. பிக்கப் முன்சில்லில்லாமல் கட்டையில் குந்திக்கொண்டிருந்தது. யதுசன் வேறு சில்லுத் தேடிப் பிடித்தான். அதன்பிறகு, பிரேக் ஒயிலைத் தள்ளுகிற பழைய சிலிண்டர் இதற்குப் போதாது என்றான். வேண்டாத வேலைக்கு வந்துவிட்டேனோ? ஓடும்போது பாதியில் கழன்றால்? பாயில் படுத்தபடி முகட்டைப் பார்த்து இதைத்தான் யோசித்தேன். "முதுகு நோகுதோ?" என்பாள் கேதீஸ்வரி. "ஓம்" என்பேன். இன்னும் கொஞ்சம் கசாயம் வரும்.

கடைசியில் சிலிண்டரும் மாற்றியாகிவிட்டது. குழாயில் இருந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நான் சீற்றில், யதுசன் கீழே.

"மிதியுங்கோ அண்ணை! பிடியுங்கோ! விடாதேங்கோ!"

மிதித்தேன். பிடித்தேன். கடைசியில் பெடல் கல்லுப்போல் இறுகியது.

பிக்கப்பைக் கராஜுக்கு முன்னால் ஓடிப் பார்த்தேன். ஒரே ஒரு மிதி. அந்த இடத்திலேயே நின்றது. இறங்கிப் போய் முன்சில்லைத் தடவினேன். கண் கலங்கிவிட்டது. தியாகராசா அண்ணை இனி நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்.

வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன். உண்மையை இன்றைக்கே சொல்வது, அவள் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே நிற்பது என்பது திட்டம். கேற்றடியில் கேதீஸ்வரி நின்றாள். பக்கத்தில் மிளகாய்த்தூள் பைகள் அடுக்கி இருந்தன. அவற்றின்மேல் என்னுடைய பாய்.

"இறங்குங்கோ," என்றாள். "பிக்கப் திறப்பைத் தாங்கோ."

"ஏன்?"

"தொண்டைமானாற்றுக் கடையளுக்குத் தூள் குடுக்கவேணும். பிக்கப்பை நான் ஓடுறன்."

"உமக்கு ஓடத் தெரியாதே!"

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். போன வருசம் எடுத்தது.

"ட்ரம் பிரேக்கோடை உதை நான் தொட்டிருக்க மாட்டன். டிஸ்க் போடுங்கோ எண்டு கேட்டிருந்தால் நீங்கள் போட்டிருப்பியளோ?"

யோசித்தேன். "இல்லை."

"அதுதான் போடக்கூடாதெண்டு சொன்னனான்."

"அப்ப யதுசன்...?"

"அவனுக்குப் பொம்பிளை பாக்கிறது ஆர்? நான்தானே. உங்களுக்கு ஒருக்காச் சொன்னால் எனக்கு ரண்டுதரம் சொல்லுவான்."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அது என்ரை பிக்கப். நான்தான் ஓடுவன்."

"டிஸ்க் விலகின ஆள் ஓடலாமோ?"

"அது... விலகேல்லை."

"அப்ப இத்தனை நாளும் எனக்குப் பொய் சொன்னனீங்களோ?"

வேலிக்கு மேலால் தியாகராசா அண்ணையின் தலை மெல்ல எழும்பியது. அவர் இந்தப் பதிலுக்காகவே எழும்பியிருக்கிறார் என்று தெரிந்தது. இடுப்பில் கையை வைத்தேன்.

"விலகித்தான் கிடக்கு," என்றேன்.

"பின்னை ஏறிப் படுங்கோ. பைகள் விழாமல் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

பின்தட்டில் பாயை விரித்தேன். மிளகாய்த்தூளுக்கு நடுவில் மல்லாந்து படுத்தேன். கேதீஸ்வரி கியர் மாற்றியபோது சத்தமே இல்லை. நான் மாற்றினால் ஊருக்கே கேட்கும்.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மாடொன்று குறுக்கே வந்தது. அவள் ஒரே ஒரு மிதி மிதித்தாள். பிக்கப் அசையாமல் நின்றது. பைகளும் நானும் முன்னுக்குப் போனோம். ஒரு பை வெடித்தது.

"இஞ்சாருங்கோ," என்று முன்னாலிருந்து கேட்டாள், "பிரேக் எப்பிடி?"

"நல்லாப் பிடிக்குது," என்றேன், இரண்டு தும்மலுக்கு நடுவில்.