சிறப்பு விருந்தினருக்கு ஒன்றரை மாத்திரை

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது கிடைத்தாலும் விகிதம் போட்டுப் பார்ப்போம். ஓய்வு பெற்றாலும் அது விடாது.

முப்பது வருடங்களுக்கு முன்பு கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பள்ளியில் வேலை பார்த்தேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் முதல் மலை வளைவில் திரும்பியதுமே பயத்தில் பக்கத்து ஆளின் கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். டாக்டர் ஒருவர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் கொண்டை ஊசி வளைவில்கூட நிலக்கடலை கொறித்துக்கொண்டே போவேன்.

போன வருடம் அதே பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அழைத்தவள் செல்வி. என்னிடம் படித்தவள், இப்போது அங்கே தலைமையாசிரியை. மறுக்க மனம் வரவில்லை. நாத்தனாரிடம் அதே மாத்திரை இருந்தது. அன்று நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஒன்று என்றால், இன்று எழுபத்திரண்டு கிலோவுக்கு ஒன்றரை. (வழிமுறையோடு எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.)

“டாக்டரை ஒரு வார்த்தை கேளு புள்ள” என்றார் கணவர்.

“அதெல்லாம் முப்பது வருசத்துக்கு முன்னாடியே கேட்டாச்சுங்க” என்றேன்.

ஒன்றரையையும் விழுங்கிவிட்டுக் காரில் ஏறினேன். அந்தப் பயணத்தின் வளைவுகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. காரில் வாயைத் திறந்தபடி தூங்கினேனாம். மேலே போய் இறங்கியபோது தரை பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. செல்வி போர்த்திய பொன்னாடையை, குளிருக்குத்தான் தருகிறாள் என்று நினைத்துத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டேன். மேடை நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடி தூக்கம்.

“டீச்சர், உங்களப் பேசக் கூப்புடறாங்க” என்று செல்வி காதருகே சொன்னாள்.

கண்ணைத் திறந்தேன். எதிரே வரிசையாகப் பிள்ளைகள். பள்ளி விடும் நேரம் என்று என் மூளை முடிவு செய்துவிட்டது. மைக்கைப் பிடித்தேன்.

“மணி அடிச்சாச்சு. எல்லாரும் பத்திரமா ஊட்டுக்குப் போங்க சாமி.”

 ஓவென்ற கூச்சலோடு மொத்தப் பள்ளியும் வாசலைப் பார்த்து ஓடியது. மயில் வேடம் போட்ட குழந்தைதான் தோகையோடு முதலில் வெளியேறியது. ஆசிரியர்கள் மிளகுத் தோட்டங்களுக்குள் புகுந்து ஒவ்வொருவராகப் பிடித்து வந்தார்கள். நானோ கடமை முடிந்த திருப்தியில் மேடையை விட்டு இறங்கினேன். படி ஒரு பக்கம், என் கால் ஒரு பக்கம். செல்வி பாய்ந்து இடுப்பைப் பிடித்ததால் தப்பினேன்.

“மன்னிச்சுக்க கண்ணு” என்று குழறினேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். நீங்க படுங்க.”

பரிசளிப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆசிரியர் அறை பெஞ்சில் என்னைப் படுக்க வைத்து, விழா முடியும்வரை என் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மாலைதான் எனக்கு முழுதாகத் தெளிந்தது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “எடையக் கணக்குல சேத்தீங்க, வயச உட்டுட்டீங்களேங்க. வயசாக ஆக இந்த மாத்திரைக்கு மூளை ரொம்ப சுலபமா அசந்துரும். உடம்புலிருந்து மருந்து வெளியேறவும் நேரமாகும். தூக்கம், குழப்பம், தடுமாற்றம் எல்லாம் வரும். பள்ளிக்கூடத்தக் கலைச்சதோட போச்சு, இடுப்பெலும்பு ஒடைஞ்சிருந்தா என்ன பண்றது?”

இந்த வருடமும் செல்வியிடமிருந்து அழைப்பு. யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்குப் பிள்ளைகள் ஒரே குரலில் என் பெயரைத்தான் சொன்னார்களாம். மாத்திரை இல்லாமலே போனேன். (கணவரின் மணிக்கட்டில் இன்னும் என் நகத்தடம் இருக்கிறது.) மேடையேறி, தெளிவாக, நிதானமாக மைக்கைத் தொட்டேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.