சிந்தாத சாம்பாரும் பன்னிரண்டு மணிச் சங்கும்

மாதாவே துணை

அரியமங்கலம்,
17-6-61, சனிக்கிழமை காலை

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் பிட்டர் தங்கையன் சம்சாரம் சகாயம்மாள் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீட்டுக்காரரும் சைக்கிளும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு மெஷினும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கம் கைத்தொழில் பொருட்காட்சியில் மாணவர்களுக்கும் கைத்தொழிலாளர்களுக்கும் புதுச் சாமான் வடிவமைக்கும் போட்டி நடந்ததல்லவா, அதைப் பற்றி வியாழக்கிழமை தாங்கள் "போட்டிப் பொருளைத் தின்ற பிட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதன் கீழே, "அவர் மனைவி என்று சொல்லப்படும் மாது கூச்சலிட்டார்" என்று ஒரு வரி. சொல்லப்படுமா? மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, ஊரறியக் கோயிலில் கட்டிய தாலி ஐயா இது! கூச்சல் போட்டது வாஸ்தவம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பொருளைத் தின்னவில்லை. பொருள் இரும்பு. அதற்குள் இருந்த சாம்பாரைத்தான் சாப்பிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பத்திரிகை நடத்தக் கூடாது.

அது என்ன பொருள் என்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? நான் எழுதுகிறேன், கேளுங்கள். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார். ஹாண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்கும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டினால் போதும், குழம்பில் பாதி ரோட்டில், பாதி சட்டையில். அந்த மஞ்சள் கறையோடு இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள் நான். போன வருஷம் ஒரு நாள் பூசையில் உட்கார்ந்திருக்கிறேன், தூபக்கலசத்தை அப்படி ஆட்டுகிறார்கள், இப்படி ஆட்டுகிறார்கள், ஒரு கங்கு கீழே விழக் காணோம். அவ்வளவுதான், அதற்கப்புறம் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது, அது உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஓட்டை வாளியின் வாய் வளையத்தை எடுத்தேன். அதற்குள் பழைய சல்லடை வளையத்தை முன்னும் பின்னும் ஆடும்படி தொங்கவிட்டேன். அதற்கும் நடுவில், பக்கவாட்டில் ஆடும்படி கேரியர். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேரியர் நிமிர்ந்தே நிற்கும். பற்றவைத்துக் கொடுத்தது பாலக்கரை சைக்கிள் கடை காஜா மைதீன் பாய். ஒர்க்ஷாப் சாமான் ஒரு ஆணிகூட அதில் கிடையாது, சந்தேகப்படுகிறவன் வந்து பார்க்கட்டும்.

புதன்கிழமை அதைக் கொண்டுபோனோம். ஸ்ரீரங்கமாச்சே என்று மீனைத் தொடாமல் முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன், அந்த இங்கிதம் எனக்குத் தெரியும். அவர் சைக்கிளில், நான் பஸ்ஸில். காவேரிப் பாலம் தாண்டி வந்து மூடியைத் திறந்தால் சாம்பார் வைத்தது வைத்தபடி இருக்கிறது! சைக்கிளிலிருந்து வளையத்தைக் கழற்றிப் பந்தலில் ஒரு ஸ்டாண்டில் மாட்டச் சொன்னார்கள். அவர் மாட்டிக்கொண்டிருந்தார். நான் குமாஸ்தாவிடம் பேர் கொடுக்கப் போனேன். "நீங்க மாணவராம்மா, கைத்தொழிலாளரா?" என்றான். "கை இருக்கு, தொழிலும் பண்ணியிருக்கு, ரெண்டாவதுல போடுங்க" என்றேன். "சரி, என்ன தொழில்னு போட? வீட்டு வேலைன்னு போட்டுடட்டுமா?" என்றான். விடுவேனா? "அங்க வந்து நான் செஞ்ச சாமானைப் பாருங்க, பாத்துட்டு அப்புறம் என்ன தொழில்னு நீங்களே போடுங்க" என்றேன். அவன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டான். இந்தத் தகராறு நடக்கும்போதுதான் முனிசிபாலிட்டிச் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு.

சங்கு என்றால் டவுன்காரரான உங்களுக்கு மணி பார்க்கிற சமாசாரம். ஒர்க்ஷாப்காரனுக்கு அப்படியில்லை ஐயா. ஊதினால் கையில் இருப்பது கீழே, கால் சாப்பாட்டைப் பார்த்து. எங்கள் கல்யாணத்தில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்ட நேரத்தில் சங்கு ஊதி, மாப்பிள்ளை திரும்பி நடந்து, அவர் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அப்பேர்ப்பட்ட மனுஷன். அன்றைக்குப் பந்தலில் ஒரே ஒரு நட்டுதான் பாக்கி, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். கையைக் கழுவினார். கேரியரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுவர்கள் வந்தபோது விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

தலைமை நடுவர் ரிட்டயர்டு எஞ்சினியர் சௌரிராஜய்யங்கார். "ஏம்மா, பாத்திரம் காலியான்னா இருக்கு! எதை வெச்சிண்டு சிந்தலைன்னு நான் தீர்மானம் பண்றது?" என்றார். "சிந்தாம வந்ததாலதானேங்க சாமி அவர் வயித்துக்குப் போச்சு!" என்றேன். இவர் எழுந்து நின்று, "சாம்பார் நல்லா இருந்துதுங்க" என்று சாட்சி வேறு சொன்னார். பந்தலே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, கூச்சல் போட்டேன். முதல் பரிசு ஒரு காலேஜ் பையன் அட்டையில் ஒட்டிய நிலா வீட்டுக்கு. நிலாவில் யார் ஐயா குடியிருக்கிறது? அங்கே சோறு கொண்டுபோவதற்கும் என் வளையம்தானே வேணும்?

ஆனால் அய்யங்கார் நியாயஸ்தர். போகும்போது கூப்பிட்டு, "நம்பகமான மூணாம் மனுஷா யாராவது, நெறைஞ்ச பாத்திரம் சிந்தாம வந்ததைக் கண்ணால பாத்து எழுதித் தரட்டும். திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வாங்கோ, மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போற லிஸ்டுல சேர்த்துடறேன்" என்றார். அந்த மூணாம் மனுஷர் நீங்கள்தான். ஊர் சிரிக்க எழுதின அதே கையால் இதையும் எழுதுங்கள்.

இதோ இவரை லீவு போடச் சொல்லி, அதே சைக்கிளில், அதே வளையத்தில், கழுத்து வரை மீன் குழம்பு ஊற்றி அனுப்பறேன். சங்குக்கு முன்னாடி தெப்பக்குளம் உங்க ஆபீசுக்கு வந்து சேரணும்னு பத்தரைக்கே கிளப்பிவிடறேன். போதாததுக்கு ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சு அனுப்பறேன், இனி என்ன நடக்கும்? நீங்களே திறந்து பாருங்க. ஓரத்துல ஒரு சொட்டு வழிஞ்சிருந்தா என்னைப் பத்தி இன்னும் நாலு பக்கம் எழுதுங்க, வாயைத் திறக்க மாட்டேன். வழியலேன்னா, சொல்லப்படும் கில்லப்படும் எல்லாம் வேண்டாம், என் பேரைப் போடுங்க. இல்லாட்டி நாளைக்கு நானே வருவேன். கூச்சல்னா என்னன்னு அப்ப தெரியும்.

தங்களுக்கு நீண்ட ஆயுசும், தங்கள் பத்திரிகைக்கு நல்ல புத்தியும் மாதா அருளட்டும். குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சகாயம்மாள்
(சொல்லப்படுபவள் அல்ல)

பி.கு.: ஐயா, இது தங்கையன். உங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்து, அச்சுக் கோக்கற கம்பாசிட்டர்கிட்ட பென்சில் வாங்கி எழுதறேன். பத்தரைக்கே கிளம்பிட்டேங்க. பாலக்கரையில டியூப் பஞ்சர். ஒட்டி முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. காஜா மைதீன் பாய் ஏதோ கேட்டாரு, காதுல விழலை, மரியாதையா இருக்காதேன்னு பஞ்சை எடுத்தேன். எடுத்ததும் சங்கு. அப்புறம் என்ன சொல்றது, கேரியர் காலி. மூடியைத் திறந்தப்ப ஒரு சொட்டு சிந்தலைங்க, ஆனா என் சாட்சி செல்லாதுன்னு எனக்கே தெரியும். உப்பு ஒரு கல் கம்மி, அதைப் போட்டுடாதீங்க. பொருட்காட்சி குமாஸ்தா விட்ட அந்தக் காலிக் கட்டத்துல மெக்கானிக்னு எழுதச் சொல்லுங்க, பிட்டர் சொல்றேன். கேரியரை விடுங்க, என்னை உள்ளே கூப்பிட்டு என் சட்டையைப் பாருங்க. இருபத்திரண்டு வருஷத்துல நான் கறையில்லாம வந்து நிக்கிறது இன்னைக்குத்தான்.